மைனி சொன்ன மரச்சீனி இலை

மார்த்தாண்டத்தில் ஒரு பேன்சி கடையில் 650 ரூபாய் கொடுத்து இந்த கிராஸ் ஸ்டிட்ச் கிட்டை வாங்கினேன்; துணிக் கட்டங்களில் பெருக்கல் குறி மாதிரி தைத்துப் படம் கொண்டுவருகிற தையல். உறைக்குள்ளே 14 கவுண்ட் (இஞ்சுக்கு 14 கட்டம்) ஐடா துணி, முனை மழுங்கின ஊசி ரெண்டு, அட்டையில் சுற்றிய 11 நிற நூல், கட்டம் போட்ட சார்ட். படத்தில் மூணு பூசணிக்காய், சுத்தி மேப்பிள் இலை, மேலே இங்கிலீஷில் 'வெல்கம் ஆட்டம்', அதாவது இலையுதிர்காலமே வருக. எழுத்துக்கூட்டி வாசித்த பேரன், "என்ன ஆட்டம் ஆச்சி, கபடியா?" என்றான். மைனிக்கு வேறே சந்தேகம். "இது நம்ம மரச்சீனி இலைதானே?" மரவள்ளியைத்தான் எங்க பக்கம் மரச்சீனி என்போம்.

புரட்டாசியில் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மன் நவராத்திரி பூஜைக்குத் திருவனந்தபுரம் போகிற பவனி எங்க குழித்துறை வழியாகத்தான் போகும். அதுக்குள்ளே முடித்து முன்வாசலில் மாட்டணும் என்று கணக்குப் போட்டேன்.

துணி முதல் தரம். ஓட்டை சீராக இருக்கிறது, கண்ணாடி போட்ட எனக்கே எண்ண வருகிறது. படம் 140 கட்டத்துக்கு 140 கட்டம். இஞ்சுக்கு 14 வீதம் சரியாகப் பத்து இஞ்சு சதுரம். நாலாக மடித்து நடுவில் தொடங்கினால் ஓரம் இடிக்காது. ரெண்டு இழையில் தையுங்கள், மூணு போட்டால் துணி விறைத்துப் போகும்.

குறை சார்ட்டில்தான். வெளிர் தவிட்டு நிறத்துக்கு ஒரு முக்கோணம், துருநிறத்துக்குத் தலைகீழ் முக்கோணம். ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்தில் ரெண்டும் ஒண்ணு. ஒரு இலை முழுக்க மாற்றித் தைத்து, மூணு சாயங்காலம் உட்கார்ந்து பிரித்தேன். ஸ்கெட்ச் பேனாவால் கட்டங்களுக்கு வர்ணம் தீட்டிக்கொண்ட பிறகுதான் வேலை ஓடியது. அதை அவர்களே கலரில் அச்சடித்திருக்கலாம்.

அடுத்த ஏமாற்று ஆரஞ்சு நூல். மூணாவது பூசணிக்காய் பாதியில் நிற்கும்போது தீர்ந்தது. ஆங்கர் கம்பெனி நூலில் ஒரு கண்டு வாங்கினேன். 8 மீட்டர், ஆறு இழை, தாராளம். ஆனால் நிறம் ஒரு பொட்டு பளிச்சென்று நிற்கிறது. வருகிறவர்கள் யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும்.

பின்பக்கத்தில் முடிச்சு போடாதீர்கள். நூல் வாலைத் தையலுக்கு அடியில் விட்டு இழுங்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நாகர்கோவிலில் மிஷனரி மால்ட் துரைசாணி பெண்களுக்கு லேஸ் பின்னப் பழக்கிய சீமை இது. எங்க தையல் டீச்சரும் துணியைத் திருப்பிப் பார்த்த பிறகே மார்க் போடுவார்கள்.

பவனிக்கு முந்தின நாள் முடிந்தது. மாவிலைத் தோரணத்துக்குக் கீழே, செவ்வந்திச் சரத்துக்கு நடுவில் மாட்டினேன். மஞ்சளும் ஆரஞ்சும் நல்லாவே சேர்ந்தது. ஆனால் வெளியே பார்த்தால் அத்தனையும் பச்சை. பழைய ஆட்கள் கூதிர்காலம் என்று சொன்ன ஐப்பசி கார்த்திகையும் நமக்கு மழைதான். வாசலில் சேறு, உள்ளே உலராத துணி.

எங்க பக்கத்து இலையுதிர்காலம் மார்கழி கடைசியில் வரும். குலசேகரம் போகிற வழியில் ரப்பர் தோட்டம் முழுக்க மஞ்சள், செம்பு, சிவப்பு என்று மாறி, காற்றடித்தால் கொட்டும். போன வாரம் ஒரு இலையைப் பொறுக்கிக்கொண்டு வந்து சார்ட்டிலுள்ள துருநிறத்தோடு வைத்துப் பார்த்தேன். நூலும் இலையும் ஒரே நிறம்! மிச்சமிருந்த அந்த நூலிலேயே கீழ் மூலையில், காம்பில் மூணு இலையாக, ஒரு ரப்பர் இலை தைத்துவிட்டேன். சார்ட்டில் இல்லாதது, 22 கட்டம் உயரம். மைனி அதை மட்டும் பார்த்தவுடனே கண்டுபிடித்தாள்.

சார்ட்டைப் பெரிதாக ஜெராக்ஸ் எடுக்க முடியும், ஆரஞ்சு கண்டு ஒண்ணு முன்கூட்டியே வாங்கி வைக்க முடியும் என்றால் வாங்கலாம். 650 கொஞ்சம் கூடுதல், 500க்குப் பேசிப் பாருங்கள்.