ட்ருவெனோவுக்கு எந்த எஞ்சின்? பிளாக் டொப் போட்டு ஓடிய பிறகு என் கணக்கு

என்னுடையது 1985 மொடல் டொயோட்டா ஏஈ86 ட்ருவெனோ, சுருக்கமாக 86, பின்சக்கர ஓட்டக் கார். கூடவே வந்த 4ஏ-ஜிஈ, அந்த 1587 சிசி 16 வால்வ் எஞ்சின், ஒயில் குடிக்கத் தொடங்கியதும் அதைத் திருத்துவதா மாற்றுவதா என்று பெரிய யோசனை. திருத்துவதற்கு நல்ல பிஸ்டன், நல்ல ஹெட் என்று தேடினால் கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைக் கடைகளிலேயே உதட்டைப் பிதுக்கினார்கள். அதனால் மாற்றினேன். போட்டது பிந்திய ஏஈ111 காரிலிருந்து வந்த 20 வால்வ் பிளாக் டொப், அதே 4ஏ-ஜிஈயின் கறுப்பு மேல்மூடி போட்ட பிந்திய வடிவம். சில வருடங்களாக மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று என்று ஏ4 வீதியில் ஓடுகிறது, கண்டிக்கும் பல தடவை ஏறியிருக்கிறது. இந்தப் பக்கத்தில் யாராவது இதே யோசனையில் இருந்தால் உதவட்டும் என்றுதான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

நிசானின் 2 லீற்றர் எஸ்ஆர்20 டர்போ எஞ்சினைப் பற்றிப் பேசுபவர்கள் அதிகம். எனக்கு அது சரிப்படாது. 86இன் டி50 கியர் பொக்ஸ் அந்த இழுவையைத் தாங்காது, அதை மாற்றினால் பின் டிஃபரன்ஷியலையும் மாற்ற வேண்டும், அதுக்கு மேல் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பொனட்டுக்குள் டர்போவின் வெக்கையும் சேர்ந்தால் நிம்மதியாக ஓட்ட முடியாது.

டொயோட்டா அல்டெஸா காரின் 3எஸ்-ஜிஈ பீம்ஸ் எஞ்சின் வேறு கதை. 1998இல் வந்த 2 லீற்றர் எஞ்சின், 210 குதிரைவலு, பின்சக்கர ஓட்டத்துக்கென்றே 6 கியர் பொக்ஸோடு வருவதால் நீளவாட்டில் வைப்பதற்குப் பெரிதாக மண்டையை உடைக்கத் தேவையில்லை. கல்முனையில் ஒரு நண்பரின் 86இல் இது இருக்கிறது. ஓட்டிப் பார்த்தேன், நேர் ரோட்டில் உண்மையிலேயே பயங்கரம். ஆனால் அந்தக் கியர் பொக்ஸுக்காகக் காரின் நடுத்தரை மேட்டை (டனல்) வெட்டியிருக்கிறார்கள், பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டைப் புதிதாகச் செய்திருக்கிறார்கள், மூக்கில் இரும்பு பிளொக்கின் பாரம் ஏறியிருக்கிறது. கிட்டத்தட்ட 950 கிலோ காரில் முன்பக்கம் கனத்தால் ஸ்டியரிங்கைப் பிடித்த உடனே தெரியும். 86ஐ 86 ஆக வைத்திருப்பதே அந்த லேசான மூக்குத்தான் என்பது என் எண்ணம், அதை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

மச்சானுடைய காரில் 7ஏ-எஃப்ஈ. 1762 சிசி, பிரீமியோ 211இல் வருகிற அதே எஞ்சின். இதை யாரும் குறைவாக நினைக்க வேண்டாம், ஊரில் ஓடுகிற கெரினா 212இன் 5ஏயோடு ஒரே குடும்பம் என்பதால் சாமானுக்கு அலையத் தேவையில்லை, 92 பெற்றோலில் முனகாமல் ஓடும், இரண்டாம் கியரில் ஊர்ந்து போனாலும் இழுக்கும். காத்தான்குடிக்குள் பின்னேர நெரிசலில் என் காரைவிட மச்சானின் கார்தான் சுகம், அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் 5500க்கு மேல் அது களைத்துவிடும். தினமும் வேலைக்குப் போய்வரும் காரென்றால் கண்ணை மூடிக்கொண்டு 7ஏயைப் போடுங்கள்.

இனி பிளாக் டொப். 1995இல் வந்தது, சிலிண்டருக்கு 5 வால்வ், நாலு தனித் துரொட்டில், 11க்கு 1 கொம்ப்ரஷன், 7800 ஆர்பிஎம்மில் 165 குதிரைவலு. இதற்கு முந்திய சில்வர் டொப்பும் கிடைத்தது, அது 160. அந்த எஞ்சினின் பழைய காற்று மீட்டர் பெட்டி எனக்குப் பிடிக்கவில்லை, பிளாக் டொப்பில் அது இல்லை.

வேலை எல்லாம் பின்பக்கத்தில்தான். இது முன்சக்கரக் காருக்காகக் குறுக்கே படுத்திருந்த எஞ்சின், நீளவாட்டில் திருப்பினால் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரிக்கும் டிஸ்ட்ரிபியூட்டர், எஞ்சினுக்கும் கபினுக்கும் இடையிலுள்ள ஃபயர்வோலில் போய் முட்டும், ஹெட்டின் பின்னாலிருந்து தண்ணீர் வெளியேறும் வாயும் அங்கேதான் நிற்கும். ஃபயர்வோலை அடித்துக் குழி விழுத்துபவர்கள் இருக்கிறார்கள். நான் டிஸ்ட்ரிபியூட்டரையே எடுத்துவிட்டு, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் தனிக் கணினி (ஈசியூ) ஒன்றும் விட்ஸ், அக்ஸியோவில் வரும் 1என்இசட் கொயில் நாலும் போட்டேன். ஒரு கொயில் போனால் எந்த ஊரிலும் பத்து நிமிடத்தில் இன்னொன்று எடுக்கலாம். தண்ணீருக்கு லேத்துப் பட்டறையில் அலுமினியக் குழாய் வளைத்து, ஹெட்டின் பின்னாலிருந்து பக்கவாட்டில் முன்னுக்குக் கொண்டுவந்து ரேடியேற்றரில் சேர்த்தோம். குழாய் ஒயில் ஃபில்டருக்கு மிக நெருக்கமாகப் போவதால், ஃபில்டர் கழற்றக் கை நுழையுமா என்று ஒவ்வொரு வெல்டிங்குக்கும் முன்னால் பிடித்துப் பார்த்தோம்.

அப்போது பட்டறை பாஸ் சொன்னார், “தம்பி, இந்த வெக்கைக்குள்ள தேர்மோஸ்டாட் என்னத்துக்கு, கழட்டி வீசுங்க.” “இல்ல காக்கா, அது இருக்கட்டும்” என்றேன். நம்ம பக்கத்துக் கராஜ்களில் இது பழக்கமாகிவிட்டது. எஞ்சின் சூடாகும்வரை ரேடியேற்றருக்குத் தண்ணீரை மறிக்கும் தேர்மோஸ்டாட் இல்லாவிட்டால் எஞ்சின் உரிய சூட்டுக்கு வரச் சுணங்கும், ஈசியூ இன்னும் குளிர் என்று நினைத்துப் பெற்றோலைக் கூட ஊற்றும், ஒயிலும் பதத்துக்கு வராது. சூடு கூடினால் பெரிய ரேடியேற்றரும் நல்ல மின்விசிறியும் போட வேண்டும். ஆடி மாத மத்தியான வெயிலில் நெரிசலில் நின்றும் என் மீட்டர் முள் பாதியைத் தாண்டியதில்லை.

கூட வாழ்வது எப்படி? 4000க்குக் கீழே இது சாதுவான 1600தான், கியர் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 5000 தாண்டினால் நாலு துரொட்டிலும் சேர்ந்து இழுக்கும் சத்தம் இருக்கிறதே, அதற்காகவே செங்கலடி, மஹாஓயா, பதியத்தலாவ வழியாக மஹியங்கனை போய், கண்டி வீதியின் 18 கொண்டை ஊசி வளைவு ஏறுவேன். இரண்டாம் கியரிலேயே வளைவுக்கு வளைவு எஞ்சின் பாடிக்கொண்டு ஏறும், மூக்கு சொன்ன இடத்துக்குத் திரும்பும். பீம்ஸ் வைத்திருக்கும் நண்பரும் ஒருநாள் இதை ஓட்டிவிட்டுத் திறப்பைத் தர மனமில்லாமல்தான் தந்தார்.

பெற்றோல் 95தான் ஊற்ற வேண்டும். 2022 எரிபொருள் வரிசைக் காலத்தில் கிடைத்த 92ஐ ஊற்றியபோது பாரம் ஏறும் இடங்களில் தட்டும் சத்தம் கேட்டது, பிளக் பொறி விடும் நேரத்தை (டைமிங்) பின்னுக்கு இழுத்துத்தான் சமாளித்தோம், உயிர் போன மாதிரி ஓடியது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் வால்வ் திறக்கும் நேரத்தை மாற்றும் விவிடி கப்பியில் (புல்லி) கடகடப்பு வரும், சூடானதும் அடங்கும், இது பழகிய 20 வால்வ்களில் சகஜம். துரொட்டில் நாலையும் வக்கியூம் மீட்டர் வைத்து இடைக்கிடை சமப்படுத்தாவிட்டால் ஐடிலில் கார் நடுங்கும். கல்லடிக் கரைப்பக்கம் இருப்பவர்கள் துரொட்டிலுக்குக் காற்று இழுக்கும் ட்ரம்பெட் குழலைத் திறந்தபடி விடவே கூடாது, நல்ல ஃபோம் ஃபில்டர் போடுங்கள், அந்த மணல் நேரே சிலிண்டருக்குள் போகும்.

வாங்கும்போது டப்பெட் கவரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே கறுப்பாகக் கட்டிப்போயிருந்தால் விட்டுவிட்டு வாருங்கள். வயரிங்கையும் ஈசியூவையும் எஞ்சினோடு சேர்த்தே கேளுங்கள், பிறகு தனியாகத் தேடினால் கிடைக்காது. பில்லையும் இறக்குமதிப் பத்திரங்களையும் கையில் வாங்காமல் காசு கொடுக்காதீர்கள், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எஞ்சின் இலக்கத்தை மாற்றப் போகும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.