பெர்மாகல்ச்சர் கற்க: பத்து நாள் வகுப்பா, மலைப் பண்ணையில் தன்னார்வலரா?

பெர்மாகல்ச்சர், அதாவது இயற்கையின் போக்கைப் பின்பற்றி நிலத்தை வடிவமைக்கும் முறையைக் கற்க நினைப்பவர்களுக்கு முக்கியமாக இரண்டு வழி உண்டு. ஒன்று, கட்டணம் கட்டிச் சேரும் வடிவமைப்புப் பயிற்சி. 72 மணி நேரப் பாடத்திட்டம், பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் முடிந்துவிடும். இன்னொன்று, பயிற்சிப் பண்ணையில் தங்கி, வேலை செய்து, அதற்கு ஈடாகச் சாப்பாடும் இடமும் பெற்றுக் கற்பது. நான் இரண்டையும் செய்திருக்கிறேன். என் ஓட்டு இரண்டாவதற்குத்தான். நான் தங்கியது கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கம், காப்பியும் மிளகும் விளையும் ஒரு கிராமத்தில்.

செலவு, வசதி, சான்றிதழ் பற்றியெல்லாம் அதிகம் பேச வேண்டியதில்லை. வகுப்புக்குப் பணம் வேண்டும், பண்ணைக்கு நாள் வேண்டும். சான்றிதழ் முக்கியமென்றால் வகுப்புக்குப் போங்கள்.

என் முடிவைத் தீர்மானித்தது மழை. வகுப்பில் ஏ-ஃப்ரேம் என்ற, மட்டம் பார்க்கும் A வடிவச் சட்டம் கட்டி, சம உயரக் கோடு பிடித்து, அதன் மேல் வாய்க்கால் வெட்டக் கற்றுக்கொள்கிறோம். அதில் மழைநீர் நின்று மண்ணுக்குள் இறங்கும். ஆனால் அது இறங்குவதைப் பார்ப்பதற்குள் வகுப்பு முடிந்து, ஊருக்குப் பேருந்து ஏறிவிடுவோம். இந்த வாய்க்கால் சாய்வு குறைந்த நிலத்துக்கானது. 15 டிகிரிக்கு மேல் சரிந்த இடத்தில் வேண்டாம் என்று வகுப்பிலும் சொல்வார்கள். ஏன் என்பது மலையில்தான் புரிந்தது. "இங்க பள்ளம் வெட்டித் தண்ணிய நிறுத்துனா ஐப்பசியில கரையே கீழ வந்துரும் தம்பி" என்றார் பண்ணையில் கல் கட்டும் பெரியவர். ஊறிய மண் கனத்துப்போய், சரிவில் பிடிப்பு விட்டுவிடும். அதனால் அங்கே கல்வரப்பு கட்டினோம், ஓரத்தில் வெட்டிவேர் நட்டோம், மிஞ்சும் தண்ணீர் இறங்க வடிகால் விட்டோம்.

அப்புறம் வடகிழக்குப் பருவமழை பிடித்தது. தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, மண்வெட்டியோடு தோட்டத்தைச் சுற்றி வருவதுதான் அந்த நாட்களின் பாடம். இலைதழையால் மூடாக்கு போட்ட பாத்தியிலிருந்து தெளிந்த தண்ணீர் வரும். வெற்று மண்ணிலிருந்து செம்மண் கரைந்து ஓடும். நாங்கள் கட்டிய வரப்பில் ஒரு மூலையில் தண்ணீர் தேங்கியது. பெரியவர் இரண்டு கல்லை எடுத்து வழிவிட்டார். எந்தக் கல்லை எடுப்பது என்பதைக் கொட்டும் மழையில் பக்கத்தில் நின்றால்தான் கற்க முடியும்.

வகுப்புக்கும் ஒரு பலம் உண்டு. வீடு, கிணறு, மாட்டுக் கொட்டகை, மரங்கள் என்று நிலம் முழுவதையும் ஒரே வரைபடத்தில் யோசிக்கப் பழக்கும். பண்ணையில் அது துண்டு துண்டாகத்தான் வரும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: எனக்குத் தெரிந்தது இந்த ஒரு மலைதான். தஞ்சாவூரிலோ இராமநாதபுரத்திலோ நிலம் வைத்திருப்பவருக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

போவதானால் புரட்டாசியில் போங்கள். மழைக்கு முன்பே வரப்பு வேலையில் கை வைக்கலாம். கார்த்திகை வரை இருந்தால் பலனையும் பார்க்கலாம். கோடையில் போனால் தண்ணீர் சுமக்கும் வேலையே அதிகம். தினம் எத்தனை மணி நேரம் வேலை, கூட நின்று கற்றுத்தருவது யார் என்று முதலிலேயே கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குத் தெளிவான பதில் வராத இடத்தில் களை பிடுங்கிவிட்டுத்தான் திரும்புவீர்கள்.