மூன்று கருஞ்சாம்பல், ஒரு வடக்கு ஜன்னல்

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் சின்ன அறைக்குக் கருஞ்சாம்பல் அடிப்பது என்று முடிவாகிவிட்டது. ஒரே ஜன்னல், அதுவும் வடக்குப் பார்த்தது. ஷெர்வின்-வில்லியம்ஸ் என்ற பெயிண்ட் கம்பெனியின் ஷேடுகளில் கடைசிவரை நின்றவை மூன்று: பெப்பர்கார்ன், அயர்ன் ஓர், சைபர்ஸ்பேஸ். கார்டில் பார்த்தால் மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

ஒவ்வொரு ஷேடுக்கும் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் உண்டு. சுவரில் படும் வெளிச்சத்தில் எவ்வளவு திரும்பி வரும் என்ற கணக்கு அது. 0 கன்னங்கரேல், 100 பளீர் வெள்ளை. பெப்பர்கார்னுக்கு 10, மற்ற இரண்டுக்கும் 6. அப்படியானால் பின்னிரண்டும் ஒன்றா? இல்லை. கணினிக்குத் தரும் சிவப்பு, பச்சை, நீல எண்களில் குட்டு வெளிப்படும். அயர்ன் ஓர் 67, 67, 65. நீலம் ஒரு மயிரிழை குறைவு. சைபர்ஸ்பேஸ் 68, 72, 77, நீலம் தூக்கல்.

பெப்பர்கார்ன் 88, 88, 88. எந்தப் பக்கமும் சாயாத சாம்பல் என்று இதைத்தான் முதலில் நம்பினேன். இரண்டடி வெள்ளை அட்டையில், ஓரத்தில் வெள்ளை விட்டு, இரண்டு கோட்டு அடித்துச் சுவரில் சாய்த்து வைத்தேன். (பழைய மஞ்சள் சுவரிலேயே திட்டுத் திட்டாக அடித்துப் பார்த்தால் கண் ஏமாறும்.) காலை பத்து மணிக்கு எட்டிப் பார்த்த மனைவி, "என்னங்க, கத்தரிப்பூ கலர் அடிக்கப் போறீங்களா?" என்றாள். உண்மைதான். வடக்கு வெளிச்சத்தில் நீலம் அதிகம். நடுநிலைச் சாம்பல் அதை அப்படியே வாங்கிக்கொள்கிறது.

சைபர்ஸ்பேஸ் பகலில் கழுவிய சிலேட்டு மாதிரி அழகாகத்தான் இருந்தது. ஆனால் மழை நாளில் அறையே குளிர்ந்து போனது போலிருந்தது. அயர்ன் ஓர் பழகிய தோசைக்கல் நிறம். சாயங்காலம் 2700 கெல்வின் மஞ்சள் பல்பு போட்டதும் லேசாகப் பழுப்பேறி, தேக்கு அலமாரியோடு ஒட்டிக்கொண்டது. அதையே வாங்கினேன். தெற்குப் பார்த்த கூடமாக இருந்தால் பெப்பர்கார்னை இப்போதும் தள்ள மாட்டேன்.

அப்புறம், வெள்ளை பிரைமருக்குப் பதில் சாம்பல் கலந்த பிரைமர் அடித்தால் ஒரு கோட்டு மிச்சமாகலாம். பளபளப்பில், முட்டையோடு போல லேசாக மின்னும் எக்‌ஷெல் போதும். பளபளப்பே இல்லாத 'மேட்' பெயிண்டில் நாற்காலி உரசிய இடமெல்லாம் தேய்ந்து மினுங்கும். எக்ஷெல்லைவிடப் பளபளக்கும் சாட்டினில் சுவரின் மேடுபள்ளம் அத்தனையும் தெரியும்.