பிளாக் மாங்க் டைம்: இசைத்தட்டில் ஒரு முரட்டுத் தாளம்

ஜெர்மனியில் பணியாற்றிய ஐந்து அமெரிக்க ராணுவ வீரர்கள், படையை விட்டு விலகிய பின் உச்சந்தலையை மழித்து, டைக்குப் பதிலாகக் கயிற்றைக் கழுத்தில் கட்டிக்கொண்டு ‘தி மாங்க்ஸ்’ (துறவிகள்) என்ற பெயரில் வாசித்த ஒரே ஸ்டுடியோ ஆல்பம் இது. 1966-இல் பாலிடோர் நிறுவனம் ஜெர்மனியில் வெளியிட்ட முதல் பதிப்பு சேகரிப்பாளர்களின் கனவுப் பொருள். என் கையில் இருப்பது மறுபதிப்புதான்.

குழுவின் டேவ் டே வாசிக்கும் பாஞ்சோ என்ற நரம்புக் கருவி இங்கே மெட்டிசைப்பதில்லை. மின்பெருக்கி வழியே இன்னொரு முரசாக மாறி, டாம்-டாம் முரசுகளின் இடியோடும் ஆர்கன் என்ற விசைப்பலகைக் கருவியின் கீச்சொலியோடும் மோதுகிறது. அந்த மோதலைக் குறுந்தகட்டைவிட இசைத்தட்டு நெருக்கமாக உணர்த்துகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. இரண்டாம் பக்கத் தொடக்கத்தில் மட்டும் லேசான படபடப்பொலி உண்டு. கறுப்பு அட்டை விரல்ரேகையை அப்படியே காட்டிக்கொடுப்பதால், வெளியுறை போட்டு வைப்பது நல்லது.