இரவுச் சந்தையில் பிள்ளைத் துடிப்பு மெஷின் வாங்க நினைப்பவர்கள் கவனத்துக்கு

சுங்கை சிப்புட் பக்கம் வயிற்றில் பிள்ளையோடு இருப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். இரவுச் சந்தையில் கைப்பேசி கவர் மேசையில், வயிற்றுப் பிள்ளையின் இதயத் துடிப்பை வீட்டிலேயே கேட்கும் டாப்ளர் மெஷின் விற்கிறார்கள். நான் 180 வெள்ளிக்கு வாங்கினேன். "சுகாதார அமைச்சு அங்கீகாரம் இருக்கு சிஸ், ஆஸ்பத்திரி சிடிஜியும் இதுவும் ஒண்ணுதான்" என்றார் விற்றவர். சிடிஜி என்பது பிள்ளையின் துடிப்பைத் தாளில் கோடாக வரைந்து காட்டும் ஆஸ்பத்திரி மெஷின். ஒரு குப்பி ஜெல் இலவசம்.

34வது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. பிள்ளை சரியாக அசையவில்லை. கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் பிங்க் புத்தக அட்டவணையில் 12 மணி நேரத்துக்குள் 10 அசைவு குறிக்க வேண்டும். அன்றைக்கு நான்கோடு நின்றுவிட்டது. மெஷின் இல்லையென்றால் அப்போதே கிளினிக்குக்குக் கிளம்பியிருப்பேன். ஜெல்லைத் தடவி வைத்தேன். உஸ் உஸ் என்று சத்தம், திரையில் நிமிடத்துக்கு 92 துடிப்பு. பெட்டியில் இருந்த தாளிலோ பிள்ளைக்கு 110 முதல் 160 வரை இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. படம் எடுத்து விற்றவருக்கு அனுப்பினேன். உடனே குரல் பதிவு: "பேபி தூங்குது சிஸ், அப்போ குறையும். சத்தம் கேக்குதுல்ல, பயப்படாதீங்க." நானும் தூங்கிவிட்டேன்.

காலையில் அத்தைதான் கேட்டார், "மெஷின் கத்துறது இருக்கட்டும்மா, பிள்ளை உதைச்சுச்சா?"

கிளினிக்கில் மிஸ்ஸி (தாதி) என் மெஷினையே வைக்கச் சொன்னார். திரையில் 94. என் மணிக்கட்டைப் பிடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணினார். அதுவும் 94. ராத்திரி நான் கேட்டது என் சொந்த நாடி! அப்புறம் அவருடைய டாப்ளரை இடுப்புப் பக்கம் சாய்த்துத் தேடினார். குதிரை ஓடுவது போல 140 வந்தது. அதோடு விடாமல் ஈப்போ ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அங்கே சிடிஜி எடுக்க வயிற்றில் இரண்டு பட்டை கட்டி, அசைவு தெரிந்தால் அழுத்த ஒரு பொத்தானைக் கையில் கொடுத்தார்கள். முதல் 20 நிமிடம் தாளில் கோடு ஏறக்குறைய நேராகவே ஓடியது. டாக்டர் இடப்பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்லி இன்னும் ஓடவிட்டார். துடிப்பு இருந்தால் மட்டும் போதாதாம். பிள்ளை அசையும்போது அது நிமிடத்துக்கு 15 கூடி, 15 விநாடியாவது நிற்க வேண்டும். 20 நிமிடத்தில் இரண்டு தடவையாவது அப்படி வர வேண்டும். கடைசியில் வந்தது. அந்தத் தாளைப் பார்த்து நான் அழுததை என் கணவர் இன்னும் சொல்லிக் காட்டுகிறார். பிள்ளை இப்போது நலம்.

மெஷினைத் திருப்பிக் கொடுக்கப் போனால், "பெட்டி திறந்தாச்சு, எடுக்க மாட்டோம்." மருத்துவக் கருவி எதுவானாலும் 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்துதான் விற்க வேண்டும், இந்தப் பெட்டியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தும் பதிவு எண்ணே இல்லை. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனு கொடுக்கப் போகிறேன். குரல் பதிவை அழிக்கவில்லை.

போன வாரமும் அதே மேசையில் விற்றுக்கொண்டுதான் இருந்தார். விலை 150 ஆகியிருக்கிறது.