ரவுட்டர் ஆட்டோமேஷன்: ஆன்சிபிள், நாபாம், நோர்னிர் – எதை எதற்கு?

ரவுட்டர்களை ஆட்டோமேட் செய்ய எந்த டூல் நல்லது என்று பேச ஆரம்பித்தால், பேச்சு சீக்கிரமே வேகத்தில் போய் நிற்கும். ஐந்நூறு டிவைஸ்களில் ஒரு வரியைச் சேர்க்க எது எத்தனை நிமிடம் எடுக்கும், எதற்குப் பைதான் தெரிய வேண்டும், எதற்குத் தெரியாமலே சமாளிக்கலாம். இதெல்லாம் கேட்க வேண்டியதுதான், ஆனால் பிறகு. நான் முதலில் பார்ப்பது இரண்டு விஷயம். மாற்றத்தைப் போடும் முன், ரவுட்டரில் இப்போது இருப்பதற்கும் வரப்போவதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்த டூல் சரியாகக் காட்டுகிறதா? போட்ட பிறகு லிங்க் விழுந்தால், யாரும் தொடாமலே பழைய கான்ஃபிக் (ரவுட்டரின் அமைப்பு வரிகள்) திரும்பி வருமா?

இதற்கு ஏன் இவ்வளவு அழுத்தம் தருகிறேன் என்றால், 2022 ஜூலை 8 அன்று கனடாவில் நடந்ததை நெட்வொர்க் வேலை செய்யும் யாரும் மறக்கக் கூடாது. ரோஜர்ஸ் என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் தன் கோர் (மைய) நெட்வொர்க்கை மேம்படுத்தும் வேலையின் நடுவே, ரவுட்டிங் தகவலை வடிகட்டும் ஒரு ஃபில்டரை டிஸ்ட்ரிபியூஷன் ரவுட்டர்களிலிருந்து எடுத்துவிட்டது. ரூட்டுகள் (எந்த முகவரிக்கு எந்த வழி என்ற தகவல்கள்) வெள்ளமாகக் கோர் ரவுட்டர்களுக்குள் பாய்ந்து அவற்றைச் செயலிழக்க வைத்தன. ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்குச் சேவை போனது. 911 அவசர அழைப்புகளும் பாதிக்கப்பட்டன. ரவுட்டர்களை நிர்வகிக்கும் பாதையும் அதே கோர் நெட்வொர்க்கை நம்பி இருந்ததால், இன்ஜினியர்களால் உள்ளே போய்ச் சரிசெய்யவே வெகுநேரம் முடியவில்லை. எடுத்தது சில வரி கான்ஃபிக்தான்.

அதற்கு முந்தைய ஆண்டு, 2021 அக்டோபர் 4, ஃபேஸ்புக். பேக்போனின் (டேட்டா சென்டர்களை இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க்கின்) கொள்ளளவைப் பார்க்கக் கொடுத்த ஒரு கமாண்ட், பேக்போன் இணைப்புகள் எல்லாவற்றையும் துண்டித்தது. அப்படிப்பட்ட கமாண்டைத் தடுக்க ஒரு தணிக்கை டூல் இருந்தது. அதில் இருந்த பிழையால் அது தடுக்கவில்லை. சுமார் ஆறு மணி நேரம் உலகம் முழுக்கச் சேவை இல்லை. ஆகவே டூல் இருந்தால் மட்டும் போதாது, அது எதை எதோடு ஒப்பிடுகிறது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் ஒப்பீடு மட்டும் செய்யும் டூல்கள். ரான்சிட் பழையது, ஆக்ஸிடைஸ்ட் அதன் இடத்தைப் பிடிக்க ரூபி மொழியில் எழுதப்பட்டது. இரண்டும் குறிப்பிட்ட இடைவெளியில் ஒவ்வொரு ரவுட்டருக்குள்ளும் போய், கான்ஃபிக்கை எடுத்து, நேற்றையதோடு ஒப்பிட்டுச் சேமிக்கும். ஆக்ஸிடைஸ்ட் நேராக கிட்டிலேயே (ஒவ்வொரு பதிப்பையும் சேமித்து வைக்கும் டூல்) போட்டுவிடும். 'கடைசியாக மாற்றிய நேரம்' போன்ற, மாறிக்கொண்டே இருக்கும் வரிகளை வடிகட்டிவிடுவதால் பொய்யான டிஃப் (வித்தியாசப் பட்டியல்) அதிகம் வராது. புதிதாகத் தொடங்குகிறவர் ஆக்ஸிடைஸ்டை எடுக்கலாம், இதில் எனக்குத் தயக்கமே இல்லை. இவை எதையும் மாற்றாது, உடைக்காது. யார் எப்போது எதைத் தொட்டார்கள் என்ற கேள்விக்குப் பதில் மட்டும் கையில் இருக்கும்.

அடுத்து, மாற்றும் வேலை. நெட்மிக்கோவைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. கிர்க் பயர்ஸ் எழுதிய பைதான் லைப்ரரி இது. எஸ்எஸ்ஹெச் (பாதுகாப்பான ரிமோட் லாகின்) வழியாக உள்ளே போய், ப்ராம்ப்ட்டுக்குக் காத்திருந்து, கமாண்டை அனுப்பி, பதிலை வாங்கித் தரும். 'மோர்' என்று பக்கம் பக்கமாக நிற்கும் தொல்லையை அதுவே தீர்த்துவிடும். மைக்ரோடிக் முதல் சிஸ்கோ வரை ஏகப்பட்ட வகை ரவுட்டர்களோடு பேசும். ஆனால் டிஃப் கிடையாது, ரோல்பேக் (பழையதற்குத் திரும்பும் வசதி) கிடையாது. தகவல் சேகரிக்க அருமை. ப்ரொடக்ஷனில் (நிஜமாக ஓடும் நெட்வொர்க்கில்) கான்ஃபிக் போட அதை மட்டும் நம்ப வேண்டாம்.

ஆன்சிபிள்தான் எல்லோருக்கும் தெரிந்த பெயர். 2012-ல் வந்தது, 2015-ல் ரெட் ஹேட் வாங்கியது. ரவுட்டரில் எதையும் நிறுவ வேண்டியதில்லை, யாமெல் என்ற எளிய வடிவத்தில் கோப்பு எழுதத் தெரிந்தால் போதும், சர்வர் டீம் ஏற்கெனவே பயன்படுத்துகிறது என்ற மூன்றும் சேர்ந்து அதை முதல் தேர்வாக்கிவிடுகின்றன. செக், டிஃப் என்ற இரண்டு ஆப்ஷன்கள் இருப்பதால் 'முன்கூட்டியே பார்க்கலாமே' என்ற நம்பிக்கையும் வருகிறது. இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

சிஸ்கோ ரவுட்டர்களின் இயங்குதளமான ஐஓஎஸ்-க்கான அதன் கான்ஃபிக் மாட்யூல், நாம் எழுதிய வரியையும் ரன்னிங் கான்ஃபிக்கில் (இப்போது அமலில் இருப்பதில்) உள்ள வரியையும் எழுத்தளவில் ஒப்பிடுகிறது. ப்ளேபுக்கில் (ஆன்சிபிளுக்கு நாம் எழுதும் வேலைக் கோப்பில்) சுருக்கமாக 'இன்ட் ஜிஐ0/1' என்று எழுதினால், ரவுட்டரில் முழுப்பெயரோடு இருக்கும் அதே இன்டர்ஃபேஸ் அதற்கு வேறொன்றாகத் தெரியும். இன்டர்ஃபேஸை இயக்க 'நோ ஷட்டவுன்' என்று எழுதினால், அந்த வரி சாதாரண ரன்னிங் கான்ஃபிக்கில் வரவே வராது என்பதால், ஓட்டும் ஒவ்வொரு முறையும் 'மாறியது' என்று மஞ்சளில் காட்டும். எதுவும் மாறாதபோதும் மஞ்சள் வந்துகொண்டிருந்தால், உண்மையிலேயே மாறுகிற நாளில் யாரும் கவனிக்க மாட்டார்கள். டீஃபால்ட் மதிப்புகளையும் சேர்த்து ஒப்பிடச் சொல்லும் ஆப்ஷன் உண்டு, அதைப் போட்டுக்கொள்வது நல்லது.

இன்னொரு பெரிய குறை, எழுதாததை அது பார்க்காது. டெம்ப்ளேட்டில் இரண்டு புது என்டிபி (நேரம் சொல்லும்) சர்வர்கள் இருக்கின்றன, ரவுட்டரில் அவற்றோடு 10.1.1.5 என்ற பழையதும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆன்சிபிள் 'எல்லாம் சரி' என்று பச்சை காட்டும். கேட்ட இரண்டும் இருக்கிறதே! பழையதை நீக்க நாமே தனியாக ஒரு வரி எழுத வேண்டும், அதற்கு அது அங்கே இருப்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். பின்னாளில் வந்த ரிசோர்ஸ் மாட்யூல்களில் 'ஓவர்ரிடன்' என்று கொடுத்தால் எழுதாததை நீக்கிவிடும். ஆனால் ஒவ்வொரு அம்சத்துக்கும் ஒரு மாட்யூல், அந்த அம்சத்துக்குள் மட்டும்தான் அதன் பார்வை.

நாபாம் இதே கேள்வியை வேறு விதமாக அணுகுகிறது. டேவிட் பரோசோவும் எலிசா யாசின்ஸ்காவும் தொடங்கிய பைதான் லைப்ரரி. முழு கான்ஃபிக்கையும் கேண்டிடேட்டாக (இன்னும் அமலுக்கு வராத வரைவாக) ஏற்று, ரவுட்டரிடமே டிஃப் கேட்டு, பார்த்த பிறகு கமிட் செய் (அமலாக்கு) அல்லது தூக்கிப்போடு என்பதுதான் அதன் போக்கு. மேலே சொன்ன என்டிபி உதாரணத்தை இங்கே ஓட்டினால், டிஃபில் 10.1.1.5-க்கு முன்னால் ஒரு கழித்தல் குறி நிற்கும். யாரோ எப்போதோ கையால் போட்டு மறந்த வரிகள் எல்லாம் இப்படி வெளியே வரும். நான் நாபாம் பக்கம் சாய்வதற்கு இந்த ஒரு கழித்தல் குறியே போதும்.

ஜூனிபரில் இது மிக இயல்பாக அமையும், ஏனென்றால் அதன் இயங்குதளமான ஜூனோஸே கேண்டிடேட், கமிட் என்ற முறையில் கட்டப்பட்டது. 'கமிட் கன்ஃபர்ம்ட்' கொடுத்தால் பத்து நிமிடத்துக்குள் உறுதிசெய்யாவிட்டால் பழையதற்குத் தானாகத் திரும்பிவிடும். ரோல்பேக்குக்காக ஐம்பது கான்ஃபிக்குகளை அதுவே வைத்துக்கொள்ளும். நாபாமிலும் கமிட்டோடு இப்படி நேரம் குறிக்கும் வசதி பின்னர் சில டிரைவர்களுக்கு (ஒவ்வொரு ரவுட்டர் வகையோடும் பேசும் பகுதிகளுக்கு) வந்தது.

பழைய ஐஓஎஸ்-ல் நாபாம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், இதை மறைத்துப் பயனில்லை. அங்கே கேண்டிடேட் என்ற ஒன்றே கிடையாது, எண்டர் தட்டிய நொடியில் வரி அமலுக்கு வந்துவிடும். எனவே நாபாம் கோப்பை ஃப்ளாஷில் ஏற்றி, 'கான்ஃபிகர் ரீப்ளேஸ்' கொண்டு மாற்றுகிறது. அதற்கு ஆர்க்கைவ் (கான்ஃபிக் பிரதிகளைச் சேமிக்கும் வசதி) அமைத்திருக்க வேண்டும், கோப்பை அனுப்ப எஸ்சிபி திறந்திருக்க வேண்டும். பேனரின் (லாகின் செய்யும்போது தெரியும் அறிவிப்பின்) முடிவில் வரும் சிறப்பு எழுத்து சரியாக இல்லாவிட்டால் ரீப்ளேஸ் தடுமாறும். முழுதும் மாற்றாமல் மெர்ஜ் (இருப்பதோடு சேர்ப்பது) மட்டும் செய்தால், அங்கே கிடைக்கும் டிஃப் ஜூனோஸ் அளவுக்கு நம்பத்தக்கதல்ல. ஐஓஎஸ் மட்டுமே வைத்திருப்பவர் லேபில் நன்றாகச் சோதித்த பிறகே இதை ப்ரொடக்ஷனுக்குக் கொண்டுபோக வேண்டும்.

நோர்னிரை இவற்றோடு போட்டியாக நிறுத்துவதே சரியில்லை. எந்த ரவுட்டரோடும் அது நேரடியாகப் பேசாது. இன்வெண்டரியை (டிவைஸ்களின் பட்டியலை) வைத்துக்கொண்டு, நெட்மிக்கோ வேலையையோ நாபாம் வேலையையோ பல டிவைஸ்களில் ஒரே நேரத்தில் ஓட்டும், அவ்வளவுதான். சும்மா விட்டால் ஒரே சமயத்தில் 20 டிவைஸ். ஆன்சிபிளில் அது 5. இந்த எண்ணை இரண்டிலும் கூட்டிக்கொள்ளலாம், அதனால் வேகத்தை வைத்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம். எனக்கு முக்கியமாகப் படுவது, எல்லாமே பைதான் என்பதால் பிழை வந்த இடத்திலேயே டீபக்கரை நிறுத்திப் பார்க்கலாம் என்பது. யாமெலுக்குள் லூப்பும் கண்டிஷனும் எழுதிச் சிக்கிக்கொண்டவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

சரி, எதை எடுப்பது? டீமில் ஒருவருக்காவது பைதான் நன்றாக வரும், ஜூனிபரும் அரிஸ்டாவும் சிஸ்கோவும் கலந்து கிடக்கின்றன என்றால் நோர்னிரோடு நாபாமைச் சேர்த்து எடுங்கள். சர்வர் டீம் ஏற்கெனவே ஆன்சிபிள் பிளாட்ஃபார்ம் நடத்துகிறது, யார் எதை ஓட்டலாம் என்ற அனுமதியும் லாக்கும் அங்கே இருக்கிறது என்றால் அதை விட்டு வெளியேற வேண்டாம். கமாண்டுகளை முழுப்பெயரோடு எழுதி, முடிந்த இடத்தில் ரிசோர்ஸ் மாட்யூலுக்கு மாறுங்கள். மைக்ரோடிக் மட்டும் வைத்திருக்கும் சின்ன நெட்வொர்க்குக்கு ஆன்சிபிளின் ரவுட்டர்ஓஎஸ் (மைக்ரோடிக்கின் இயங்குதளம்) கலெக்ஷனே போதும். கையால் ஏதாவது மாற்றும்போது கன்ட்ரோல் எக்ஸ் அழுத்தி சேஃப் மோடுக்குப் போய்விடுங்கள், இணைப்பு அறுந்தால் செய்த மாற்றத்தை அதுவே திரும்பப் பெற்றுக்கொள்ளும்.

இதில் எந்த வழியில் போனாலும் ஆக்ஸிடைஸ்டைத் தனியாக ஓடவிடுங்கள். ஆட்டோமேஷன் சர்வர் இருக்கும் அதே இயந்திரத்தில் வேண்டாம்.