நில அதிர்வுச் செயலிகள்: கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையிலிருந்து

எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டி நான்காவது மாடியில் குடியிருப்பவன் ‘நிலம் அதிர்ந்தது’ என்றால் எளிதில் நம்பிவிடாதீர்கள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் இரவெல்லாம் ஜன்னல் கண்ணாடியை உலுக்கும் இடம் இது. ஆனாலும் நிலநடுக்கத் தகவல் தரும் லாஸ்ட்க்வேக் செயலியையும், அதிர்வை உணர்ந்தோமா என்று இணையத்தில் பதிவு செய்யும் அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் ‘உணர்ந்தீர்களா?’ படிவத்தையும் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன்.

லாஸ்ட்க்வேக் வேகமானது. ஒரு பகுதியில் பலர் ஒரே நேரத்தில் செயலியைத் திறப்பதையே அது தடயமாக எடுத்துக்கொள்கிறது. கருவிகளின் கணக்கு வருவதற்கு முன்பே தகவல் வந்துவிடுவதுண்டு. நாம் உணர்ந்ததைச் சொல்ல, படங்களில் பொருத்தமானதைத் தொட்டால் போதும். எங்கள் குடியிருப்பில் என்னைத் தவிர யாரிடமும் இச்செயலி இல்லை. அந்த வேகத்தால் இங்கே என்ன பயன்?

படிவம் பொறுமையைச் சோதிக்கும், ஆனால் எனக்கு அதன்மேல்தான் நம்பிக்கை. பொருள்கள் ஆடினவா, விழுந்தனவா, அருகிலிருந்தவர்களும் உணர்ந்தார்களா என்றெல்லாம் கேட்கும். பதில்களை வட்டாரவாரியாகச் சேர்த்துக் கணிப்பதால் ஒருவரின் பதற்றம் அதில் கரைந்துவிடும். ‘உணரவில்லை’ என்றும் பதிவு செய்யலாம். அதைத்தான் நம்மவர்கள் செய்வதில்லை.

லாரி போனால் கண்ணாடி படபடத்து ஓயும். தொலைவில் கடலுக்கடியில் அதிர்ந்தால், வேகமான அதிர்வுகள் வழியிலேயே தேய்ந்து, மெதுவான அசைவுதான் அதிகம் வந்து சேரும். அதை உயரமான கட்டடங்களில் இருப்பவர்கள் கூடுதலாக உணர்வார்கள். 2019 பிப்ரவரி 12 காலை வங்கக்கடலில் சுமார் 5 ரிக்டர் அளவில் அதிர்ந்தபோது எங்கள் வீட்டுத் தொங்குவிளக்கு ஆடியது. கீழே டீக்கடையில் யாருக்கும் தெரியவில்லை.

எத்தனை பேர் சொன்னார்கள் என்பதைவிட எவ்வளவு பரப்பிலிருந்து சொன்னார்கள் என்பதையே பார்க்கிறேன். 2023 பிப்ரவரி 22 அன்று அண்ணா சாலைப் பகுதியில் அதிர்வு என்று கட்டடங்களிலிருந்து மக்கள் வெளியே ஓடிவந்தார்கள். தேசிய நில அதிர்வு மையத்தின் கருவிகளிலோ எதுவும் பதிவாகவில்லை. கடலில் பிறந்த அதிர்வு ராயபுரத்தையும் திருவொற்றியூரையும் விட்டுவிட்டு ஒரு சாலையை மட்டும் தேடிப் போகுமா? இதற்கு நேரெதிரான சிக்கலும் உண்டு: பெரும் நிலநடுக்கத்தில் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட இடம், மக்கள் அனுப்பிய பதில்களின் வரைபடத்தில் வெறுமையாகவே தெரியக்கூடும். உயிர் பிழைக்க ஓடுபவர் படிவம் நிரப்புவாரா?

படிவத்தை நிரப்புமுன் மணலியிலுள்ள அக்காவிடம் போனில் விசாரிப்பதில்லை. அவர் சொல்வது என் பதிலில் கலந்துவிடும். அவரையே தனியாக நிரப்பச் சொல்லியிருக்கிறேன். இதுவரை நிரப்பியதில்லை.